எருமைக்கும் கொக்குக்கும் ஒரே சாம்பல்

எருமை மேல் கொக்கு உட்கார்ந்திருக்கும் காட்சியை, புதுசா கேமரா வாங்கியவர்கள் யாரும் எடுக்காமல் விட்டதில்லை. அப்படி எடுக்கப் போகிறவர்கள் கூடவே ஒரு சின்ன சோதனையும் செய்து பார்க்கலாம். கேமராவை ஆட்டோவில் வைத்து, எருமையின் முதுகு மட்டும் ஃப்ரேம் முழுக்க நிறைகிற மாதிரி ஒரு படம். கொக்கின் இறக்கை மட்டும் நிறைகிற மாதிரி இன்னொரு படம். (அதுவரைக்கும் கொக்கு உட்கார்ந்திருக்குமா என்று கேட்கக்கூடாது. கொடியில் காயும் வெள்ளை வேட்டியை வைத்தும் செய்யலாம்.) இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தால் எருமையும் சாம்பல், கொக்கும் சாம்பல். கிட்டத்தட்ட ஒரே சாம்பல்.

கேமராவில் ரிப்பேர் எதுவும் இல்லை. மீட்டர் என்கிற சமாச்சாரமே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. லென்ஸ் வழியாக எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எதிரே இருப்பது மங்கல் வெளிச்சத்தில் நிற்கும் வெள்ளைப் பொருளா, நல்ல வெயிலில் நிற்கும் கறுப்புப் பொருளா என்பது தெரியாது. அதனால் உலகத்தில் உள்ளதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. தன் மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று பொதுவாகச் சொல்வார்கள். (12தான் சரி என்று அடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.) இப்போது வரும் கேமராக்கள் காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்கின்றன, முகத்தைக் கண்டுபிடிக்கின்றன, கொஞ்சம் புத்திசாலித்தனமாக ஊகிக்கின்றன. ஆனாலும் அது ஊகம்தான்.

இது வரைக்கும் யார் மேலும் குற்றமில்லை. அந்த ஊகத்துக்கு "சரியான எக்ஸ்போஷர்" என்று பெயர் வைத்து, ஆரம்பப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறே ஆரம்பிக்கிறது.

எந்த ஆரம்பப் பாடத்தை எடுத்தாலும் முதலில் அந்த முக்கோணம் வரும். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ. (உண்மையில் சென்ஸாருக்குள் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை முடிவு செய்கிறவை முதல் இரண்டும்தான். ஐஎஸ்ஓ, விழுந்த வெளிச்சத்தை எவ்வளவு பிரகாசமாகக் காட்டுவது என்கிற வேலை. அதையும் சேர்த்து மூணு மூலை போட்டால்தான் படம் வரைய அழகாக இருக்கும் போல.) அடுத்து, "எம் மோடுக்கு வந்தாத்தான் நீ போட்டோகிராஃபர்" என்று ஒரு வசனம். அதற்கு அடுத்த வரியிலேயே, "வியூஃபைண்டருக்குள்ள ஒரு முள்ளு தெரியும், அது நடுவுல 0-ல நிக்கிற வரைக்கும் அப்பர்ச்சரையோ ஷட்டரையோ திருப்பு."

இதைக் கேட்டு யாரும் சிரிக்காததுதான் ஆச்சரியம். முள்ளை 0-ல் நிறுத்துவதைத்தான் ஆட்டோவும் செய்கிறது. அது கண் இமைக்கிற நேரத்தில் செய்வதை, இவர் சக்கரத்தை உருட்டி உருட்டி பத்து நொடியில் செய்கிறார். அதற்குள் கொக்கு பறந்துவிடுகிறது. கிடைக்கிற சாம்பல் அதே சாம்பல். முள் 0-ல் நிற்க வேண்டுமா, ஒரு ஸ்டாப் மேலே நிற்க வேண்டுமா, ஒன்றரை ஸ்டாப் கீழே நிற்க வேண்டுமா என்பதுதான் எடுக்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு. (ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது, இல்லையென்றால் பாதியாக்குவது. எஃப்/8-லிருந்து எஃப்/5.6-க்கு வந்தால் ஒரு ஸ்டாப் கூடும். 1/125 நொடியிலிருந்து 1/250-க்குப் போனால் ஒரு ஸ்டாப் குறையும். இதுக்கு மேல் அதில் கணக்கு ஒன்றும் இல்லை.) எருமைக்குக் குறைக்க வேண்டும், கொக்குக்குக் கூட்ட வேண்டும். இந்த முடிவை எடுக்கத் தெரிந்தவர் ஆட்டோவில் வைத்து, பிளஸ் மைனஸ் பட்டனை மட்டும் பயன்படுத்தினாலும் போட்டோகிராஃபர்தான். தெரியாதவர் எம் மோடில் உட்கார்ந்தாலும் மீட்டருக்கு எடுபிடிதான்.

எருமையும் கொக்கும் சாம்பலாவதால் யாருக்கும் நஷ்டமில்லை. எருமை வந்து சண்டை போடப் போவதில்லை. மனுஷ முகத்துக்கு வரும்போதுதான் விஷயம் சீரியஸாகிறது.

போர்ட்ரெய்ட் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் ஆங்கிலப் புத்தகங்களில் பழைய விதி ஒன்று உண்டு: முகத்தை மட்டும் அளந்துகொள், மீட்டர் சொன்னதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டு. காரணம் எளிது. வெள்ளைக்காரர் தோல் நடுத்தரச் சாம்பலை விட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் பிரகாசமானது. ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் சிஸ்டத்தில், கன்னங்கரிய பூஜ்யத்திலிருந்து வெள்ளைவெளேர் பத்து வரைக்கும் படிகள் இருக்கும். நடுத்தரச் சாம்பல் ஐந்தாவது படி. வெயிலில் நிற்கும் சராசரி வெள்ளைக்காரர் முகம் ஆறாவது படி. கறுத்த தோல் ஐந்தாவது படி என்பதையும் ஆடம்ஸ் எழுதித்தான் வைத்திருக்கிறார். அவர் மேல் பழி போட முடியாது. அங்கிருந்து எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் ஆறாவது படியை மட்டும் கொண்டுவந்துவிட்டு, ஐந்தாவது படியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

விளைவு என்ன? மதுரையில் நிற்கிற மாநிறமான ஒருத்தர் முகத்தை அளந்து, புத்தகத்தில் சொன்ன மாதிரி ஒரு ஸ்டாப் கூட்டுகிறார்கள். அந்த முகம் வெளிறிப்போகிறது. மாநிறம் என்று தமிழில் சொல்கிற நிறம் மீட்டரின் சாம்பலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது. அந்த முகத்துக்கு மீட்டர் சொல்வதை அப்படியே வைத்தால் போதும். இன்னும் கறுப்பான முகம் என்றால் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும், கூட்டக்கூடாது. இந்த மூன்று வாக்கியங்கள் தமிழில் எழுதப்பட்ட எத்தனை ஆரம்பப் பாடங்களில் இருக்கின்றன என்று தேடிப் பார்க்கலாம்.

முகத்தை முகமாகப் பார்த்து முடிவெடுக்கப் பழக்கமில்லாதவர்களுக்கு சுலபமான வழி ஒன்று உண்டு. உள்ளங்கை. யாருடைய உள்ளங்கையும் அவருடைய முகத்தை விட வெளுப்புதான். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் முகம் மாறுகிற அளவுக்கு உள்ளங்கை மாறுவதில்லை. அது நடுத்தரச் சாம்பலை விட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் பிரகாசம். எடுக்கப்படுகிறவர் மேல் விழும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையைக் காட்டி, அதை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, எம் மோடில் பூட்டிவிட்டால் முடிந்தது. கறுத்த முகம் கறுப்பாக, சிவந்த முகம் சிவப்பாக, வெள்ளைச் சட்டை வெள்ளையாக விழும். எம் மோடு உண்மையிலேயே உதவுவது இங்கேதான். வெளிச்சம் மாறாத வரைக்கும் எதிரே யார் வந்து நின்றாலும் எண்கள் மாறத் தேவையில்லை.

இது தெரியாமல் (அல்லது தெரிந்தே செய்யாமல்) வருவதுதான் கல்லூரி குரூப் போட்டோ. அறுபது பேர், அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளையடித்த கட்டடம், மேலே வெளுத்த வானம். வெள்ளைத் துணி விழுகிற வெளிச்சத்தில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மீட்டர் மிரண்டுபோய் எல்லாவற்றையும் சாம்பலுக்கு இறக்கும். சட்டை அழுக்காகும், மூன்றாவது வரிசையில் நிற்கும் கறுப்பான பையனின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும். பிறகு ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் நிழலை மட்டும் இழுத்து மேலே தூக்குவார். திருநீறு பூசின மாதிரி, புள்ளி புள்ளியாக ஒரு முகம் வரும். அதைப் பார்த்து வகுப்பே சிரிக்கும், "மச்சான், நீ எங்கடா நிக்கிற?" என்று. அந்தப் பையனும் சேர்ந்து சிரிப்பான், வேறென்ன செய்வான். அவன் நிறத்துக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாரையும் கட்டட நிழலுக்குள் நகர்த்தி, திறந்த வானத்தைப் பார்க்க நிறுத்தி, ஒரு உள்ளங்கையை அளந்திருந்தால் அறுபது முகமும் தெரிந்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை.

சராசரி கணக்கால் கறுத்த முகம் அடிபடுவது இந்தக் கேமராக்களோடு ஆரம்பித்ததில்லை. ஃபிலிம் காலத்தில் கலர் பிரிண்டைச் சரிபார்க்க லேபுகளுக்கு கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடலின் பெயர் ஷெர்லி என்பதால், பின்னால் வேறு பெண்கள் வந்தபோதும் அதற்கு "ஷெர்லி கார்டு" என்றே பெயர். ஷெர்லியின் தோல் நன்றாக வந்தால் மெஷின் சரி. இதைப் பற்றி கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் எழுதிய கட்டுரை பிரசித்தம். ஃபிலிம் கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் உள்ள நுணுக்கங்களை விழுங்குகிறது என்று கோடாக்கிடம் அழுத்தமாகப் புகார் சொன்னவர்களில், சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் இருந்ததாக அதில் வருகிறது. டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்! மனுஷர்களுக்கு இடையே வித்தியாசம் தெரியாமல் இருந்தபோது வராத அவசரம் அப்போது வந்திருக்கிறது. வெள்ளை, கறுப்பு, ஆசியப் பெண்கள் மூவரும் சேர்ந்திருக்கும் கார்டு வந்தது 1990-களின் நடுவில்தான்.

இங்கே அந்தக் கார்டு இல்லாமலேயே வேலை நடந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோவில் நெகட்டிவை டச்சிங் மேஜையில் வைத்து, கூரான பென்சிலால் முகத்தின் மேல் மெல்லத் தீட்டுவார்கள். நெகட்டிவில் தீட்டிய இடம் பிரிண்டில் வெளுக்கும். தழும்பை, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை மறைக்க வந்த கலை, அது தோல் முழுக்கப் பரவியது. கலர் வந்ததும் மினிலேப் மெஷினில் ஆபரேட்டர் பட்டன் தட்டினார். இப்போது மவுஸ். கருவி மாறிக்கொண்டே இருக்கிறது, கை ஒரே திசையில்தான் போகிறது. "கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடுறேன்மா" என்று கேட்காமலே சொல்வார்கள். பளிச் என்றால் வெளுப்பு என்று எப்போது முடிவானது? பாஸ்போர்ட் படத்தில் தோல் நிறம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தப் படத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் "ஃபேர்" என்ற வார்த்தையைக் கைவிட்டுவிட்டது. ஸ்டுடியோ மானிட்டரில் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கல்யாணத்தில் இந்த வெளுப்பு வியாதியின் உச்சத்தைப் பார்க்கலாம். மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே வீடியோ லைட், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, போதாததற்கு கேமராவின் தலையில் நேர் ஃப்ளாஷ். முகத்தில் மேடு பள்ளம் எதுவும் மிஞ்சாது. வியர்வை பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. அதற்கு மேல் முக்கால் ஸ்டாப் கூட்டி எடுப்பார்கள், "பொண்ணு கலரா வரணும்ல". முகம் வெளுக்கிறபோது மற்றதும் சேர்ந்துதான் வெளுக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அரக்குப் பட்டு ரோஸ் கலராகும். ஜரிகை மஞ்சள் தீற்றலாகும். காஞ்சிபுரம் வரைக்கும் போய், நாள் முழுக்க உட்கார்ந்து, விலை பேசி எடுத்த புடவையின் நிறம் ஆல்பத்தில் இருக்காது. அந்தப் பெண்ணின் நிறமும் இருக்காது. இருபது வருஷம் கழித்து அவள் மகள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "அம்மா, நீ அப்போ எவ்ளோ கலரா இருந்த, இப்போ ஏன் இப்படி ஆயிட்ட?" என்று கேட்பாள்.

இதற்குப் பதில் சொல்கிற ஸ்டுடியோக்காரர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. "கஸ்டமர் கேக்கிறாங்க சார். உள்ளபடி கொடுத்தா படத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க." உண்மைதான். கடை வாடகை, ஆள் சம்பளம், ஆல்பம் செலவு எல்லாம் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கேட்டது எதை? இருட்டடித்த முகத்துக்கும் வெளுத்த முகத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை அவருக்கு யாராவது காட்டியிருக்கிறார்களா? ஒழுங்காக எடுத்த கறுத்த முகம் எப்படி இருக்கும் என்பதையே பார்க்காதவர், வெளுப்பைக் கேட்காமல் வேறெதைக் கேட்பார்?

தமிழ்ச் சினிமா அதைக் காட்டியிருக்கிறது. பாலு மகேந்திரா 1978-ல் முள்ளும் மலரும் படத்தை இயற்கை வெளிச்சத்தை நம்பி எடுத்தார். பி.சி.ஸ்ரீராம் நாயகனில் (1987) பாதி முகத்தை நிழலில் விட்டார், அதற்குத் தேசிய விருதும் வந்தது. "படம் ஒரே இருட்டு, டார்ச் எடுத்துட்டுப் போகணும்" என்று கிண்டல் அடித்தவர்கள்தான் அந்த முகங்களை இன்னும் மறக்காமல் இருக்கிறார்கள். கறுத்த தோலைக் காட்டுவதற்கு அதன் மேல் வெளிச்சத்தைக் கொட்ட வேண்டிய அவசியமில்லை. வெளுத்த தோலின் வடிவத்தை அதில் விழும் நிழல் காட்டும்; கறுத்த தோலின் வடிவத்தை அதன் மேல் ஓடும் பளபளப்பு காட்டும். ஜன்னல் ஓரம், திண்ணை, தாழ்வாரம் மாதிரி பக்கவாட்டிலிருந்து அகலமாக வரும் மென்மையான வெளிச்சம் போதும். கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் அந்தப் பளபளப்பு தானாக வந்து உட்காரும். அது வெந்துபோகாத அளவுக்கு எக்ஸ்போஷரை வைத்தால் சரி.

இதெல்லாம் ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும் சொல்வதாக நினைத்து, கலைப்படம் எடுக்கிற கூட்டம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ள வேண்டாம் :-) அவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்த் தப்பு, இன்னும் மோசமான தப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பேராக வண்டி எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போவது. வயலில் நிற்கும் கிழவரைப் பிடித்து உட்கார வைப்பது. ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து, வீட்டுக்கு வந்து கான்ட்ராஸ்டை ஏற்றி, சுருக்கத்தையெல்லாம் கூர்மையாக்கி, தோலைக் கரியாக்கி, கண்ணை மட்டும் வெளுக்க வைத்து, கீழே "உழைப்பின் வரிகள்" என்று தலைப்பும் போடுவது. அந்தப் பெரியவர் நிஜத்தில் மாநிறமாக, காலையில் சவரம் செய்துகொண்டு, கொஞ்சம் குறும்பாகச் சிரித்துக்கொண்டிருந்திருப்பார். படத்தில் அவர் பஞ்சத்தில் அடிபட்ட கரிக்கட்டை. அதே கேமராக்காரர் சாயங்காலம் கல்யாண ரிசப்ஷனுக்குப் போய், அந்தப் பெரியவரின் நிறத்திலேயே இருக்கும் பெண்ணை ஒன்றரை ஸ்டாப் வெளுப்பாக்கி அனுப்புகிறார். காசு கொடுக்கிற முகத்துக்கு வெளுப்பு, காசு கொடுக்காத முகத்துக்குக் கறுப்பு. தோல் ஒரே தோல். இதற்கும் எக்ஸ்போஷருக்கும் சம்பந்தமில்லை, இது "ஸ்டைல்" என்று யாராவது சொன்னால், அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு அந்தக் கிழவர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லட்டும்.

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனால் எருமை, கொக்கு இரண்டின் பிரச்சினையும் ஒரே ஃப்ரேமில் வந்துவிடும். கண் கூசும் வெள்ளை உப்புக் குவியல், அதற்கு நடுவில் வெயிலில் கறுத்து நிற்கும் ஒரு பெண், தலையில் கட்டிய துணியின் நிழல் நெற்றியில். 0-ல் முள்ளை நிறுத்தினால் உப்பு சாம்பலாகும், அந்தப் பெண் வெறும் நிழலுருவமாவாள். இணையத்தில் இருக்கும் உப்பளப் படங்களில் பாதி அப்படித்தான், அழகான நிழலுருவங்கள். அவளுக்கு முகமே கிடையாது. ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் முகம் வரும். உச்சியில் வெயில் படுகிற உப்பில் கொஞ்சம் விவரம் போகும். போகட்டும். விவரம் போன இடம் கேமரா திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். சிமிட்டுவது உப்புக் குவியலா, அவள் கன்னமா என்று மட்டும் பார்த்தால் போதும். ஹிஸ்டோகிராம் வலது பக்கச் சுவரில் முட்டுகிறதே என்று பதறுகிறவர்கள், எது முட்டுகிறது என்று பார்ப்பதில்லை. உப்பளத்தில் வெளிச்சம் தரையிலிருந்தும் திரும்பி வரும் என்பது ஒரு கொடுப்பினை. தாடைக்குக் கீழே இருக்கும் நிழலை அந்த உப்பே நிரப்பிக் கொடுக்கும். அதிகாலையில் போனால் இன்னும் சுலபம், அங்கே வேலையும் அப்போதே தொடங்கிவிடும்.

கேமராவே இல்லை, போன்தான் என்கிறவர்களுக்கும் இதே கதைதான். 2020-ல் கூகிள் தன் பிக்ஸல் போன்களில் முகத்தை மெருகேற்றும் வசதி தானாக இயங்காது என்று அறிவித்தது. 2021-ல் பிக்ஸல் 6 வந்தபோது, கறுத்த தோல் நிறங்களை உள்ளபடி காட்டுவதற்காக "ரியல் டோன்" என்ற ஒன்றைச் சேர்த்தது. கேமரா ஊகிக்கிறது, அந்த ஊகம் இத்தனை நாள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்று ஒரு பெரிய கம்பெனியே ஒத்துக்கொண்ட மாதிரிதான் அது. வேறு போன் வைத்திருப்பவர்கள் முதலில் பியூட்டி மோடு ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நிறுத்த வேண்டும். அப்புறம் திரையில் முகத்தைத் தொட்டால் பல போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தெரியும். பாதிப் பேர் அதை ஒருமுறைகூட நகர்த்தியதில்லை. முகத்தைத் தொட்டு, எதிரே நிற்பவரை ஒருதரம் கண்ணால் பார்த்து, திரையையும் பார்த்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் வரை அந்தச் சூரியனை இறக்க வேண்டும். கறுப்பான நண்பனை எடுக்கும்போது விரல் வழக்கமாக மேலே போகும். கீழே.